கணக்கில் வராத ஒரு வியாழக்கிழமை: நாஸ்கார் புகழ்மண்டபத் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சார்லட் நகரிலுள்ள நாஸ்கார் புகழ்மண்டபத்தின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்காது. பரவாயில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் நியாயம் கேட்கிறவன் தலைவரின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவான். ஆனால் பேசுவது சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களின் காதுக்காக. இதுவும் அப்படிப்பட்ட பேச்சுதான். சுற்றி இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நாஸ்கார் என்பது அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை, அதாவது சாலைக் கார்களின் உருவத்தில் செய்த வண்டிகளின் பந்தயங்களை, நடத்தும் அமைப்பு; அதில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் இடம் இந்தப் புகழ்மண்டபம். கேட்க வந்தது ஒரே விஷயம்: பந்தய ஓட்டுநர் ஸ்டெர்லிங் மார்லினை உங்கள் மண்டபத்துக்குள் சேருங்கள். அதோடு, அவருடைய தந்தையின் பெயருக்கு எதிரே நிற்கும் ஒரு பூஜ்யத்தை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள்.

நான் பந்தயக்காரன் இல்லை. டென்னசி மாநிலத்தில், நாஷ்வில்லுக்குத் தெற்கே, கார் உதிரிபாக ஆலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். போன புதிதில் ஸ்டாக் கார் பந்தயம் என்றாலே எனக்குச் சிரிப்பு வரும். செக்குமாடு போல இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்க இத்தனை ஜனமா என்று கேலி பேசியிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை இரவு, உடன் வேலை பார்த்த ஒருவர் விடாப்பிடியாக என்னை நாஷ்வில் ஃபேர்கிரவுண்ட்ஸ் பந்தயத் தடத்துக்கு அழைத்துப் போனார். சிறிய தடம், ஒரு சுற்று 0.596 மைல். திருப்பத்தை ஒட்டி நான்காவது வரிசையில் இடம். வண்டிகள் கிளம்பி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மடியிலிருந்த சோளப்பொரியில் கறுப்புத் துகள்கள். மிளகுத்தூள் தூவியிருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு வாய் தின்றுவிட்டேன். டயர் ரப்பர். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் குளியலறைத் தரையில் கறுப்பாக ஓடியது. மறுவாரமும் போனேன். அதற்கடுத்த வாரம் யாரும் கூப்பிடாமலே போனேன்.

அந்தத் தடத்தின் மரப் பலகைகளில் உட்கார்ந்துதான் மார்லின் என்ற பெயரை முதலில் கேட்டேன். தந்தை அங்கே நான்கு முறை சாம்பியன்: 1959, 1965, 1966, 1967. மகன் மூன்று முறை: 1980, 1981, 1982. அந்த ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லும்போது ஏதோ தங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். யார் எந்தத் திருப்பத்தில் யாரை முந்தினார்கள், அன்றைக்கு மழை வந்ததா இல்லையா, எல்லாம் வாயில் இருக்கும்.

தந்தையின் பெயர் கிளிஃப்டன். குழந்தையாக இருந்தபோது தன் பெயரைத் தானே சொல்ல வராமல் 'கூ கூ' என்று மழலையில் சொன்னாராம், அதுவே ஒட்டிக்கொண்டது. கூ கூ என்றால் நமக்குக் குயிலும் ரயிலும்தான் ஞாபகம் வரும். அவரோ கனத்த உடம்புக்காரர். கொலம்பியா என்ற ஊரில் புகையிலையும் மாடுகளும் வைத்திருந்த விவசாயி. ஏப்ரல் மாதத்தில் கோவேறு கழுதைகளுக்கென்றே திருவிழா நடத்தும் ஊர் அது. வயல் வேலையும் பண்ணை வேலையும் போக மிச்சமிருந்த நேரத்தில் வண்டியைப் பிரித்துக் கோத்து, இழுத்துக்கொண்டு போய் ஓட்டிவிட்டு, திரும்ப வந்து மாடுகளுக்குத் தீனி வைத்த மனிதர். 14 ஆண்டுகளில் நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயங்கள் 165 ஓட்டினார். உங்கள் ஏட்டில் அவருடைய வெற்றி: பூஜ்யம்.

இந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மகன் ஸ்டெர்லிங் 1957 ஜூன் 30 அன்று பிறந்தவர். பள்ளியில் கால்பந்து ஆடினார் (அமெரிக்கக் கால்பந்து, கையால் எறிவது). விடுமுறை விட்டால் அப்பாவின் பிட்டில் (பந்தயத்தின் நடுவே வண்டியை நிறுத்தி டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் இடம்) வேலை. 1976 ஜூலையில் நாஷ்வில்லில் பந்தயம் இருந்த நேரத்தில் கூ கூவுக்குத் தோளில் அடி. வண்டி தயாராக நிற்கிறது, ஓட்டுவதற்கு ஆளில்லை. பத்தொன்பது வயதுப் பையன் ஏறினான். 30ஆவது இடத்தில் கிளம்பினான்; 55ஆவது சுற்றில் ஆயில் பம்ப் போய்விட்டது; 29ஆவது இடம். முதல் நாள் வேலையே இப்படி.

இரண்டாம் தலைமுறைப் பந்தய ஓட்டுநர் என்றதும் வெளியே இருப்பவர்கள் ஒரு சித்திரம் வைத்திருக்கிறார்கள்: அப்பா பெரிய ஆள், பையனுக்குப் பிறக்கும்போதே ஸ்டீயரிங்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று. பெட்டி குடும்பத்துக்கு அது பொருந்தலாம். லீ பெட்டி மூன்று முறை சாம்பியன். மகன் ரிச்சர்டு ஏழு முறை. எர்ன்ஹார்ட் வீட்டில் பேரன் வரைக்கும் வந்த சொத்து அது. மார்லின் வீட்டில் மகனுக்குக் கிடைத்தது ஒரு பட்டறை, ஒரு குடும்பப் பெயர், எங்கே போனாலும் 'கூ கூவின் பையனா?' என்ற விசாரிப்பு. என் அப்பா நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். அந்த விசாரிப்பில் எவ்வளவு பாசம் இருக்கிறது, எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

1983இல் ரோஜர் ஹாம்பியின் வண்டியை ஓட்டி அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற பட்டம் வாங்கினார் ஸ்டெர்லிங். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் நிலையான வண்டியே இல்லை. இங்கே நாலு பந்தயம், அங்கே இரண்டு பந்தயம். 1987இல்தான் பில்லி ஹேகன் முழுப் பருவத்துக்கும் வண்டி கொடுத்தார். பிறகு ஜூனியர் ஜான்சனிடம் இரண்டு ஆண்டுகள், ஸ்டாவோலா சகோதரர்களிடம் ஓர் ஆண்டு. இரண்டாம் இடம் வந்துகொண்டே இருந்தது. முதலிடம் மட்டும் வரவில்லை. 1991இல், நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500இல், இரண்டாவதாக வந்தார். அன்றைக்கு ஜெயித்தவர் எர்னி இர்வன். ஓட்டியது மார்கன்-மெக்லூர் அணியின் 4ஆம் எண் மஞ்சள் வண்டி. இந்த விவரத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1993 ஜூலையில் டேவி அலிசன் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அவரும் தந்தை வழியில் பந்தயத்துக்கு வந்தவர்தான். பாபி அலிசனின் மகன். அவருடைய 28ஆம் எண் வண்டிக்கு ஆள் தேவைப்பட்டது, இர்வன் போனார். மஞ்சள் வண்டி காலியானது. வர்ஜீனியா மலைப்பக்கம் அபிங்டன் என்ற சிற்றூரிலிருந்து இயங்கிய அந்தச் சிறிய அணி, 278 பந்தயங்கள் ஓட்டி ஒன்றுகூட ஜெயிக்காத 36 வயது ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்தது. யார் துணிந்து செய்வார்கள் இதை!

1994 பிப்ரவரி. அந்த டேடோனா வாரமே துக்க வாரம். பயிற்சி ஓட்டத்தில் நீல் பானட், ராட்னி ஆர் இருவரும் சில நாள் இடைவெளியில் உயிரிழந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில், இன்னொரு முறை எரிபொருளுக்கு நிறுத்தாமல் ஓட்டிவிடலாம் என்று மஞ்சள் வண்டியின் ஆட்கள் முடிவு செய்தார்கள். முன்னால் மார்லின். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தவர் யார்? எர்னி இர்வன். மூன்று ஆண்டுக்கு முன் மஞ்சள் வண்டியில் இருந்து மார்லினைப் பின்னால் தள்ளியவர், இப்போது அதே மஞ்சள் வண்டியின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே கோட்டைக் கடந்தார்.

தந்தையின் 165, மகனின் 278. கூட்டினால் 443 பந்தயங்கள். ஒரு குடும்பம் 443 முறை தோற்றுவிட்டு 444ஆவது முறை ஜெயித்தது. ஜெயித்தது டேடோனா 500. கூ கூவுக்கு அப்போது 62 வயது.

அடுத்த ஆண்டும் அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே பந்தயம். 200 சுற்றில் 105 சுற்று மார்லின்தான் முன்னால். கடைசியில் டேல் எர்ன்ஹார்ட் புது டயர் மாட்டிக்கொண்டு, 14ஆவது இடத்திலிருந்து ஒவ்வொரு வண்டியாகத் தாண்டி இரண்டாம் இடம் வரைக்கும் வந்துவிட்டார். எர்ன்ஹார்ட் பின்னால் வருகிறார் என்றால் கண்ணாடியைப் பார்க்கும் எவருக்கும் வயிற்றைக் கலக்கும். மார்லின் முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. டேடோனா 500ஐ அடுத்தடுத்து இரண்டு ஆண்டு வென்றவர்கள் அதுவரை ரிச்சர்டு பெட்டி, கேல் யார்பரோ இருவர் மட்டுமே. இவர் மூன்றாமவர். பிற்பாடு டென்னி ஹாம்லினும் வில்லியம் பைரனும் அந்த வரிசையில் சேர்ந்தார்கள். ஆனால் வாழ்க்கையின் முதல் இரண்டு வெற்றியுமே டேடோனா 500 என்ற பெருமை மார்லினுக்கு மட்டும்தான்.

உங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் குறுக்கிட்டு, 'அதெல்லாம் பிளேட் பந்தயம்' என்று சொல்லக்கூடும். வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: 1987இல் டாலடேகா என்ற தடத்தில் வண்டிகள் மணிக்கு 212 மைலுக்கு மேல் பறந்தன, பாபி அலிசனின் வண்டி எகிறிப் போய் பார்வையாளர் வேலியைக் கிழித்தது. மறு ஆண்டிலிருந்து டேடோனாவிலும் டாலடேகாவிலும் எஞ்சினுக்குக் காற்றையும் எரிபொருளையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்கு அடியில் நான்கு துளை போட்ட ஓர் உலோகத் தகட்டைச் சொருகினார்கள். காற்று குறையும், வேகமும் குறையும். விளைவு, எல்லா வண்டியும் ஒரே வேகத்தில் மந்தையாக ஓட, அதிர்ஷ்டம்தான் ஜெயிக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதிர்ஷ்டம் ஒருமுறை வரும். மார்லின் அந்த இரண்டு தடங்களிலும் சேர்த்து ஐந்து முறை ஜெயித்தார். மீதி ஐந்து வெற்றி எங்கே? டார்லிங்டனில் இரண்டு, மிச்சிகன், சார்லட், லாஸ் வேகஸ். டார்லிங்டன் என்பது முட்டை வடிவத் தடம். ஒரு பக்கத் திருப்பம் இறுக்கம், மறுபக்கம் அகலம். அங்கே மந்தையும் கிடையாது, முன்னால் போகும் வண்டி காற்றைக் கிழித்துத் தருவதால் கிடைக்கும் இரவல் வேகமும் கிடையாது. வண்டியின் வலப்பக்கத்தைச் சுவரில் தேய்க்காமல் வீடு திரும்பினாலே கெட்டிக்காரன் என்பார்கள்.

இனி 2001க்கு வருகிறேன். எழுதச் சங்கடமான இடம்.

பிப்ரவரி 18, டேடோனா 500இன் கடைசிச் சுற்று, கடைசித் திருப்பம். முன்னால் மைக்கேல் வால்ட்ரிப்பும் எர்ன்ஹார்ட் ஜூனியரும். பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடாமல் மறித்துக்கொண்டு மூத்த எர்ன்ஹார்ட். மார்லினின் வண்டிக்கும் அவருடைய வண்டிக்கும் உரசல் ஏற்பட்டது. எர்ன்ஹார்டின் கறுப்பு வண்டி மேல்நோக்கித் திரும்பிச் சுவரில் மோதியது. அன்றே அவர் இறந்துபோனார். மறுநாளிலிருந்து மார்லினுக்குக் கொலை மிரட்டல்கள். எர்ன்ஹார்ட் ஜூனியரும் வால்ட்ரிப்பும் வெளிப்படையாக வந்து, அந்த மனிதர்மேல் பழி போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தந்தையைப் பறிகொடுத்த மகன், தந்தையின் சாவுக்குக் காரணம் என்று ஊர் பழித்த மனிதருக்காகப் பேசினார். பந்தயக் குடும்பத்தில் பிறந்தவருக்குத்தான் அந்தத் தெளிவு அத்தனை சீக்கிரம் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

மார்லின் அறிக்கைப் போர் எதுவும் நடத்தவில்லை. அடுத்த வாரம் வண்டியில் ஏறினார். ஆகஸ்ட் 19 அன்று மிச்சிகனில் ஜெயித்தார். 1977க்குப் பிறகு டாட்ஜ் வண்டிக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 21 அன்று, எர்ன்ஹார்ட் விபத்து குறித்த விசாரணை அறிக்கையை நாஸ்கார் வெளியிட்டது. சாவுக்கு ஒற்றைக் காரணமோ ஒற்றை ஆளோ இல்லை, பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன என்பதே அதன் சாரம். அந்த ஆறு மாதத்தை மார்லின் எப்படிக் கழித்தார் என்பதற்கு உங்கள் புள்ளிவிவர ஏட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஆண்டு முடிவில் புள்ளிப் பட்டியலில் மூன்றாம் இடம் என்று மட்டும் இருக்கிறது.

2002 டேடோனா 500. இதைப் பழைய ஒளிப்பதிவில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. முடிய ஐந்தாறு சுற்று இருக்கும்போது மார்லினும் ஜெஃப் கார்டனும் உரசிக்கொண்டார்கள். கார்டன் சுழன்று போனார். மார்லின் முன்னால் வந்தார். ஆனால் வலது முன் மட்கார்டு உள்ளே வளைந்து டயரில் முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் மோதல் நடந்ததால் சிவப்புக் கொடி காட்டிவிட்டார்கள். எல்லா வண்டியும் தடத்தின் பின் நேர்ப்பகுதியில் வரிசையாக நின்றன. சிவப்புக் கொடி நேரத்தில் வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது விதி. மார்லின் ஜன்னல் வலையை அவிழ்த்தார், வெளியே குதித்தார், வண்டியின் முன்பக்கத்தைச் சுற்றி ஓடினார். தலைக்கவசமும் பந்தய உடையுமாகக் குனிந்து, வெறும் கையால் அந்த மட்கார்டைப் பிடித்து இழுத்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு, ஒன்றும் நடக்காதது போல ஏறி உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அந்த நேரத்தில் தெரிவது டேடோனா இல்லை, கொலம்பியா பட்டறை. டயரில் தகடு முட்டுகிறதா? இறங்கு, இழு, ஏறு. அப்பா செய்திருப்பதும் அதுதானே! விதியை மீறினார் என்பதில் எனக்கு வழக்கில்லை. வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள். அது சரியான தீர்ப்புதான். எட்டாவது இடம் வந்தார். வார்டு பர்ட்டன் கோப்பையை எடுத்துப்போனார். அந்த ஒரு நிமிடம் இல்லாதிருந்தால் மூன்றாவது டேடோனா 500 மார்லினுடையதாக இருந்திருக்கலாம். டயர் வெடித்துச் சுவரில் போய் நின்றும் இருக்கலாம். அவர் மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

அந்த ஆண்டுதான் அவருடைய ஆண்டு. லாஸ் வேகஸ், டார்லிங்டன் இரண்டிலும் ஜெயித்தார். தொடர்ந்து 25 வாரம் புள்ளிப் பட்டியலின் உச்சியில் இருந்தார். 45 வயதில், தந்தை கனவில்கூட எட்டாத சாம்பியன் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செப்டம்பரில் ரிச்மண்டில் ஒரு மோதல். மாதக் கடைசியில் கான்சாஸில் இன்னொன்று. படம் எடுத்துப் பார்த்தால் கழுத்து முள்ளெலும்பில் முறிவு. மீதி ஏழு பந்தயமும் போயிற்று. அவருடைய 40ஆம் எண் வண்டியில் ஜேமி மெக்மரே என்ற புதியவரை உட்காரவைத்தார்கள். அந்தப் பையன் தன் இரண்டாவது பந்தயத்திலேயே, சார்லட்டில், ஜெயித்துவிட்டார். வண்டி அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது! பட்டம் டோனி ஸ்டூவர்ட்டுக்குப் போனது. மார்லின் அதற்குப் பிறகு ஏழு பருவங்கள் ஓட்டினார். ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

உங்கள் மண்டபத்தில் ரிக்கி ரட் இருக்கிறார். 1984இல் வண்டி உருண்டு, கண் வீங்கி மூடிக்கொண்டபோது, இமைகளை டேப்பால் ஒட்டித் திறந்துவைத்து டேடோனா 500 ஓட்டியவர். அந்தக் கதையை எல்லோரும் ரசித்துச் சொல்கிறோம், நானும்தான். கழுத்து முறிவோடு ஓட்டவே கூடாது என்ற காலம் 2002க்குள் வந்துவிட்டிருந்தது. எர்ன்ஹார்டின் சாவுதான் அந்த மாற்றத்தை விரட்டிக்கொண்டு வந்தது. நல்ல மாற்றம். ஆனால் அதற்கான விலையில் ஒரு பங்கு மார்லினின் பட்டம்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்களுக்குக் கணக்குதான் பிடிக்கும். 748 பந்தயங்கள், 10 வெற்றிகள். இந்த விகிதத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. 2024 அணியில் (அந்த ஆண்டுக்கென மண்டபத்தில் சேர்க்கப்பட்டவர்களின் தொகுதி) நீங்கள் சேர்த்த டோனி அலிசனுக்கு எத்தனை வெற்றி? அதே பத்து. அவர் டேடோனா 500 வென்றதில்லை; 1979இல் கடைசிச் சுற்றில் யார்பரோவோடு மோதிப் புல்லில் நின்று சண்டை போட்டதைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. அவரைச் சேர்த்ததில் எனக்கு முழுச் சம்மதம். 2019இல் ஆலன் குல்விக்கியைச் சேர்த்தீர்கள். ஐந்து வெற்றி, ஒரு பட்டம். ரெட் ஃபார்மருக்கு இந்த முதல்நிலைத் தொடரில் ஒரு வெற்றிகூட இல்லை. ஊர் ஊராகக் கிராமத்துத் தடங்களில் ஆயுள் முழுக்க ஓட்டியதற்காகச் சேர்த்தீர்கள். அருமையான முடிவு. ஆக, வெற்றிகளை எண்ணுவது மட்டும் உங்கள் வேலை இல்லை என்பதை நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொன்று: டேடோனா 500ஐ ஒன்றுக்கு மேற்பட்ட முறை வென்று, ஓய்வும் பெற்றுவிட்டவர்களில் 2026 அணி வரைக்கும் உங்கள் வாசலுக்கு வெளியே நிற்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் மைக்கேல் வால்ட்ரிப், இன்னொருவர் மார்லின்.

இடைஞ்சல் எங்கே என்பதும் எனக்குத் தெரியும். முன்பு ஆண்டுக்கு ஐந்து பேரைச் சேர்த்தீர்கள். 2021 அணியிலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டீர்கள்: நவீனகாலப் பட்டியலில் பத்துப் பேரில் இருவர், முன்னோடிகள் பட்டியலில் ஐந்து பேரில் ஒருவர். ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் யாராவது ஒரு சாம்பியன் ஓய்வு பெறுகிறார். கூடிய சீக்கிரம் நேராக வந்து வரிசையின் தலையில் நிற்கிறார். கென்செத், ஜிம்மி ஜான்சன், கர்ட் புஷ் என்று வந்தார்கள், இனியும் வருவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் 1976இல் கிளம்பிய ஒருவர் முன்னோடிகள் பட்டியலுக்கு நகர அறுபது ஆண்டு ஆக வேண்டும் என்றால், 2036 வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா? ரேஷன் கடை வரிசைகூட இதைவிட வேகமாக நகரும். ரசிகர்கள் இணையத்தில் எத்தனை ஓட்டுப் போட்டாலும் அத்தனையும் சேர்ந்து உங்கள் கூட்டத்தில் ஒரே ஓட்டு. எனவே கேட்க வேண்டியது உங்களைத்தான்.

2012இல் மார்லின் தமக்குப் பார்கின்சன் நோய் இருப்பதை வெளியே சொன்னார். அதற்குப் பிறகும் நாஷ்வில் ஃபேர்கிரவுண்ட்ஸ் தடத்தில் லேட் மாடல் என்ற உள்ளூர்ப் பந்தய வகை வண்டிகளை ஓட்டினார். நான் ஒரு சனிக்கிழமை இரவு அங்கே இருந்தேன். ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்னதும் எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பந்தயம் முடிகிற வரைக்கும் திரும்பப் போடவில்லை.

டேவி அலிசனைச் சேர்த்தபோது அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டு தாண்டியிருந்தது. ரால்ஃப் மூடியும் ரே ஹெண்ட்ரிக்கும்கூட விழா மேடைக்கு வர முடியாத நிலையில்தான் உங்கள் அழைப்பைப் பெற்றார்கள். மாலை போடுவதற்குப் படத்தைத் தேடுகிற பழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு என்பதால் உரிமையோடு சொல்கிறேன்: இவர் விஷயத்தில் அதைச் செய்யாதீர்கள். பேச்சை அவர் காதால் கேட்கட்டும்.

இப்போது அந்தப் பூஜ்யம். டேடோனாவில் பெரிய பந்தயத்துக்கு முன் வியாழக்கிழமையன்று தகுதிப் பந்தயங்கள் இரண்டு நடக்கும். 1971 வரை அவற்றில் ஜெயித்தால் அதிகாரபூர்வ வெற்றியாக ஏட்டில் எழுதினார்கள். 1972இல் அட்டவணையைச் சுருக்கியபோது அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். 1973 பிப்ரவரியில் கூ கூ மார்லின், 125 மைல் தகுதிப் பந்தயங்களில் இரண்டாவதை வென்றார். அதே தடம், அதே வியாழக்கிழமை, பெரிய அணிகளின் வண்டிகளுக்கு நடுவே ஒரு புகையிலை விவசாயியின் வண்டி முதலாவதாக வந்தது. இரண்டே ஆண்டு முன்னதாக ஜெயித்திருந்தால் இன்றைக்கு அவர் பெயருக்கு நேராக ஒன்று என்று இருக்கும்.

1963இல் ஜாக்சன்வில்லில் கறுப்பின ஓட்டுநர் வெண்டல் ஸ்காட் ஜெயித்தபோது கோப்பையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, மணிக்கணக்கில் கழித்துக் கணக்கைத் திருத்தினீர்கள். அது வேறு அநீதி, மிகப் பெரியது; ஒப்பிடவில்லை. திருத்தப்படக்கூடியதுதான் ஏடு என்பதற்காக மட்டும் சொல்கிறேன். விதியை மாற்றுங்கள் என்றும் கேட்கவில்லை. கூ கூ 2005 ஆகஸ்டில் இறந்துவிட்டார். அவருக்கு இனி ஒரு புள்ளியும் தேவையில்லை. மகனை நீங்கள் மேடைக்கு அழைக்கும் நாளில், அவருடைய சாதனைகளை வாசிக்கிறவர் கையில் இருக்கும் தாளில் ஒரு வரி கூடுதலாக இருக்கட்டும்: 1973, வியாழக்கிழமை, டேடோனா, கூ கூ மார்லின், முதலிடம்.

இப்படிக்கு,
சோளப்பொரியோடு ரப்பர் தின்ற ரசிகன்